மல்லாந்து கிடக்கும் சிலந்தியைத் திருப்பிவிடலாமா?

கேள்வி: என் 12 வயது மகன் மெக்சிகோ சிவப்பு முழங்கால் டாரன்டுலா என்ற பெரிய சிலந்தியின் குட்டி ஒன்றை வளர்க்கிறான். கால்களை விரித்தால் 4 செ.மீ. இருக்கும். இரண்டு வாரமாக எதுவும் தின்னவில்லை. இன்று காலை பார்த்தால் மல்லாந்து கிடக்கிறது. செத்துவிட்டதா? கரண்டியால் திருப்பிவிடலாமா? மகன் அழுதபடி இருக்கிறான்.
- ஒரு தாய், ஹாரோ, லண்டன்

பதில்: சகோதரி, உங்களுக்கு உடனே தொலைபேசியில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். தொடவே தொடாதீர்கள். அது சாகவில்லை, தோல் உரிக்கிறது.

சாகும் டாரன்டுலா பெரும்பாலும் மல்லாக்க விழாது. நிமிர்ந்தபடியே கால்களை வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். கால்களை நீட்ட அதற்கு உடல் திரவத்தின் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் குறைந்தால் கால்கள் தாமாக மடங்கிவிடும். நீங்கள் தொலைபேசியில் சொன்னபடி, உங்கள் குட்டியோ கால்களைப் பரப்பிக் கிடக்கிறது. சாப்பாட்டை நிறுத்தியதும், நீங்கள் சொன்னபடி வயிறு கறுத்துப் பளபளத்ததும் தோல் உரிப்பதற்கு முன் வரும் அறிகுறிகள்தான்.

முதலில் முதுகு ஓடு மூடி போலத் திறக்கும். பிறகு ஒவ்வொரு காலையும் பழைய உறையிலிருந்து மெல்ல உருவி எடுக்கும். பற்கள்கூடப் புதிதாக வரும், இரைப்பையின் உட்தோலும் கழன்றுவிடும். சில குட்டிகள் அரை மணி நேரத்தில் முடித்துவிடும், சிலவற்றுக்குப் பல மணி நேரம் ஆகும். நடுவில் அசையாமல் கிடந்தால் ஓய்வெடுக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் நாம் 'உதவி' செய்யப்போய்த்தான் காலை ஒடித்துவிடுகிறோம். பையனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

பெட்டிக்குள் இரையாகப் போட்ட கிரிக்கெட் பூச்சி உயிரோடு இருந்தால் மட்டும், சிலந்தியை அசைக்காமல் எடுத்துவிடுங்கள். உடம்பு மென்மையாக இருக்கும்போது அந்தப் பூச்சி சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டுபோகும். பெட்டியின் அடியில் பரப்பிய தேங்காய்நார்த் தூளின் ஒரு மூலையை மட்டும் ஈரமாக வையுங்கள். சிலந்தியின் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. புதுப் பற்கள் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் நன்றாகக் கறுக்கும். கறுத்த பிறகுதான் இரை. இந்த அளவுக் குட்டிக்கு ஒரு வாரம் பொறுத்தால் போதும். அதன் வயிற்றைவிடச் சிறிய பூச்சி ஒன்றைப் போடுங்கள். குட்டி பயந்து ஓடினால் பூச்சியை எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

கழற்றிப்போட்ட தோலை வீசிவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து வயிற்றுப் பகுதியை மெதுவாக விரித்து, உருப்பெருக்கியில் உட்புறம் பார்த்தால் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. குட்டி இன்னும் வளர வளர இது சுலபமாகும். பெண்ணாக இருந்தால் 20 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடும், பையன் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. தோலைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்க விடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் மயிர் கடுமையாக அரிக்கும்.