25,000 ரூபாய் கட்டி கேசினோ போட்டியில் ஆடலாமா?

கேள்வி: நண்பர்கள் நால்வர் கோவா போகிறோம். பனாஜியில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் போக்கர் சீட்டாட்டப் போட்டி நடக்கிறதாம். நுழைவுக் கட்டணம் 25,000 ரூபாய். சாதாரண மேசையில் விடிய விடிய இழப்பதைவிட இது மேல், போனால் 25,000தான் போகும், வந்தால் லட்சங்கள் என்கிறான் ஒரு நண்பன். ஆடலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. சுழலும் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டில் நீங்கள் கேசினோவை எதிர்த்து ஆடுகிறீர்கள். கணக்கே அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. போக்கர் போட்டியில் எதிரே இருப்பவர்கள் உங்களைப் போலக் கட்டணம் கட்டி வந்தவர்கள். கேசினோ தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். பந்தயம் வைக்கத் தரும் வில்லைகளான சிப்ஸ் தீர்ந்தால் எழுந்துவிட வேண்டியதுதான்.

ஆனால் "ரீ-என்ட்ரி" என்று ஒன்று இருக்கிறது. தோற்றவர் மறுபடி முழுக் கட்டணம் கட்டி உள்ளே வரலாம். அப்படி ஒரு கப்பலில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் முதல் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று முறை எழுந்து பணம் கட்டிவிட்டு வந்தார். மூன்றாம் முறை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போனால் 25,000 என்ற எல்லை, முதல் கட்டணத்தையும் சேர்த்தால், அவரைப் பொறுத்தவரை 1,00,000 ஆகியிருந்தது.

பணம் கட்டுமுன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். 25,000இல் பரிசுத் தொகைக்குப் போவது எவ்வளவு, நடத்துபவருக்கு எவ்வளவு, வரி இதில் அடக்கமா, தனியா? 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோவில் கட்டும் பணத்துக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு என்பதால் இது சில்லறை விஷயமல்ல. அடுத்து, பிளைண்டு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை உயர்கிறது? சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம்தான் பிளைண்டு. அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறினால் நல்ல சீட்டுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. திறமைக்கு வேலை குறைந்து அதிர்ஷ்டத்தின் கை ஓங்கும். அரை மணிக்கு ஒருமுறை என்றால் ஆட்டம் தெரிந்தவர் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

இனி, யாரும் விளம்பரத்தில் போடாத வருமான வரிக்கு வருவோம். சூதாட்டப் பரிசுக்கு 30 விழுக்காடு வரி, அந்த வரியின்மேல் 4 விழுக்காடு செஸ் என்ற கூடுதல் வரி. தோற்ற ஆட்டங்களின் செலவைக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஐந்து போட்டிக்கு 1,25,000 கட்டி, நான்கில் தோற்று, ஒன்றில் 1,50,000 வென்றீர்கள் என்று வையுங்கள். பார்வைக்கு 25,000 லாபம். வரி 46,800. கையில் நிற்பது 1,03,200. வென்றும் 21,800 நஷ்டம்! இதற்குப் பிறகும் லாபம் பார்க்க வேண்டுமானால் மற்றவர்களைவிட மிக நன்றாக ஆட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கோவா போகிறவர்களில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

ஆசை விடவில்லை என்றால் "சாட்டிலைட்" ஆடுங்கள். சிறு கட்டணத்தில் ஆடி வென்றால் பெரிய போட்டிக்கு இடம் கிடைக்கும். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கர் 86 டாலர் சாட்டிலைட் மூலம் 10,000 டாலர் கட்டண உலகப் போக்கர் போட்டியில் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். இந்தக் கதை உங்கள் நண்பருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

ஸ்லாட் எனும் சூதாட்ட இயந்திரத்தில் இலவசப் போட்டிக்கு அழைத்தால் தாராளமாக ஆடுங்கள். முடிந்ததும் நேரே சாப்பிடப் போய்விடுங்கள். பக்கத்து இயந்திரங்களில் உட்கார வைக்கத்தான் அந்த இலவசம்.

என் தீர்ப்பு: 25,000 கட்டாதீர்கள். மாலைப் பொழுதைக் கழிக்க, ரீ-என்ட்ரி இல்லாத சிறு போட்டி கிடைத்தால் ஒருமுறை ஆடலாம். அதையும் சினிமா டிக்கெட் செலவு போலக் கணக்கில் எழுதிவிடுங்கள். 21 வயது நிரம்பாதவர் உங்களில் இருந்தால் கேசினோவுக்குள் விட மாட்டார்கள்.

கேள்வி: போகுமுன் செயலியில் பணம் கட்டிப் பழகிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. நால்வர் இருக்கிறீர்களே, ஒரு சீட்டுக்கட்டும் இரண்டு கைப்பிடி புளியங்கொட்டையும் போதும்.