பிப்ரவரிக் கோழி

அன்புள்ள ஐயா,

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். இந்த ஆண்டு ஜனவரி கடைசியில் எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் மலாவி நாட்டுக்குப் போனோம். தெட்சா மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் ஒரு மாதம் மிஷன் ஊழியம். சுவிசேஷம் எட்டாத இடம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போன அன்றே கோழியடித்து விருந்து வைத்தார்கள். அதன்பிறகு அவர்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று நாங்கள் கொண்டுபோன நூடுல்ஸ், டப்பா உணவுகளையே சாப்பிட்டுக்கொண்டோம். அவ்வளவு வறுமையிலும் எப்போதும் சிரித்த முகம்! ஆனால் காலைக் கூட்டங்களுக்குப் பெண்களும் கிழவர்களும்தான் வந்தார்கள், ஆண்கள் வரவே இல்லை. ஆத்தும தாகம் இல்லையே என்று வருத்தமாக இருந்தது. ஒருநாள் முகமூடி போட்ட பேயாட்டம் ஒன்றைப் பார்த்துப் பயந்துவிட்டோம். கடைசி நாளில் 43 பேர் கை உயர்த்தித் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள்.

திரும்பி வந்தால், அலுவலக நண்பர் ஒருவர் "வெள்ளைக்காரன் விட்டுப்போன ஏஜெண்டுகள்தானே நீங்கள்" என்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு அங்கேயே போய்விடலாமா என்று தோன்றுகிறது. என்ன சொல்கிறீர்கள்?

டி.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் அந்தக் கோழி வருகிற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நாற்பது வருடமாக எனக்குள் கொக்கரித்துக்கொண்டிருக்கிற ஒரு கோழி உண்டு. அதற்கு வருகிறேன். முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுவோம்.

உங்கள் நண்பர். ஜான் சிலெம்ப்வே என்று ஒரு பெயர் இருக்கிறது, அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். மலாவிக்காரர், பாப்டிஸ்ட் போதகர். அமெரிக்காவில் படித்துவிட்டு 1900இல் திரும்பி வந்து சிராட்சுலுவில் சொந்தமாக மிஷன் தொடங்கியவர். 1915 ஜனவரியில் வெள்ளைத் தோட்ட முதலாளிகளுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார். பிப்ரவரி 3ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அவர் கட்டிய செங்கல் ஆலயத்தை அரசாங்கம் வெடிவைத்துத் தகர்த்தது. அவருடைய ஆட்கள் முதலில் தாக்கிய தோட்டம் யாருடையது தெரியுமா? மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனின் பேரனுடையது. ஒரே வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள். உங்கள் நண்பருக்கும் அதில் பாதி உண்டு, உங்களுக்கும் பாதி உண்டு. பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

முகமூடி ஆட்டம். அது பேயாட்டம் இல்லை. செவா மக்களின் குலே வம்குலு, சாவுக்கும் சடங்குக்கும் ஆடுவது. அதே தெட்சா மாவட்டத்தில் முவா என்ற ஊரில் கத்தோலிக்க மிஷன் அந்த முகமூடிகளையெல்லாம் சேர்த்து அருங்காட்சியகமே வைத்திருக்கிறது. பயந்ததற்குப் பதில் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டிருக்கலாம். இதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

அப்புறம் அந்த "சுவிசேஷம் எட்டாத இடம்". யார் தம்பி இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்? மலாவியில் நாலில் மூன்று பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். உங்கள் கிராமம் இருக்கிற பகுதியில் டச்சு சீர்திருத்தச் சபை மிஷன் 1889இலேயே வந்துவிட்டது. முழு வேதாகமமும் அவர்கள் மொழியில் 1922இல் அச்சாகிவிட்டது. உங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு உங்களைவிட அதிகமாகச் சங்கீதங்கள் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். கை உயர்த்திய 43 பேரில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் முடித்து, போன ஞாயிறு காணிக்கையும் போட்டவர்கள் என்று விசாரித்தீர்களா? தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பக்கூடாதே என்றுகூடக் கை தூக்கியிருப்பார்கள். லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்காவில் அத்தனை வருடம் நடந்து சம்பாதித்த ஆத்துமா ஒன்றே ஒன்று என்பார்கள். இன்றைய போட்ஸ்வானாவில் செச்செலே என்ற தலைவர், 1848இல் ஞானஸ்நானம் பெற்றவர். சீக்கிரமே தவறிவிட்டார் என்று லிவிங்ஸ்டன் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கிவிட்டு, தன் வழியே போய்விட்டார். செச்செலே பாட்டுக்குத் தன் ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்துகொண்டு, எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தார். எண்ணிக்கை எல்லாம் இந்த லட்சணம்தான்.

சரி, ஆண்கள் வரவில்லை என்ற புகார். இதில்தான் எனக்குக் கோபம் வந்தது.

நீங்கள் போனது ஜனவரி, பிப்ரவரி. மலாவியில் மழை ஒரே பருவம், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. முதல் மழைக்கு மக்காச்சோளம் விதைப்பார்கள், ஏப்ரல் மேயில் அறுப்பார்கள். போன வருட சோளம் டிசம்பரிலேயே தீர்ந்துவிடுகிற வீடுகள் நிறைய உண்டு. ஆகவே நீங்கள் பார்த்த அந்தப் பச்சைப்பசேல் என்ற ஊர், பசியின் உச்சத்தில் இருக்கிற ஊர். வயலில் சோளம் தோள் உயரம் நிற்கும், குதிரில் ஒரு மணி இருக்காது. அப்போது ஆண்கள் என்ன செய்வார்கள்? கன்யூவுக்குப் போவார்கள். நம்மூரில் அன்றாடக் கூலி என்போமே, அதுதான். கொஞ்சம் வசதியானவன் வயலில் களை வெட்டிவிட்டு, மாவாகவோ காசாகவோ கூலி வாங்கி வருவது. இதில் ஒரு கொடுமை உண்டு. களை வெட்ட வேண்டிய அதே வாரத்தில் அடுத்தவன் வயலுக்குப் போவதால் தன் வயல் களை மண்டிப் போகும், விளைச்சல் குறையும், அடுத்த டிசம்பரில் குதிர் இன்னும் சீக்கிரம் காலியாகும். இப்படியொரு சுழலுக்குள் நிற்கிற மனிதனைக் காலை பத்து மணிக்குக் கூட்டத்துக்கு வரவில்லை என்று குறை சொல்கிறீர்கள். ஆத்தும தாகமாம். அவன் வயிற்றைக் கேட்டீர்களா?

இந்தத் தப்பை உங்களுக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களே செய்திருக்கிறார்கள், அதனால் ரொம்ப வருத்தப்பட வேண்டாம். என் தாத்தா தேரிக்காட்டு ஊர் ஒன்றில் உபதேசியாராக இருந்தார். புதிதாக வந்த வெள்ளைக்காரப் போதகர் காலை ஆராதனைக்கு மணியடிக்கச் சொல்லியிருக்கிறார். பதநீர்க் காலம். ஆண்கள் எல்லாம் பனையின் மேல். மணி அடித்தது, கீழே நாலு கிழவிகள் மட்டும் வந்தார்கள். போதகர் 'சோம்பேறி ஜனங்கள்' என்று அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார். தாத்தா அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பனையின் அடியில் நிறுத்தி, மேலே பாருங்கள் என்றாராம். அந்த வாரத்திலிருந்து மணி இருட்டின பிறகு அடித்தது. தாத்தா இதைச் சொல்லும்போது கழுத்தை வளைத்து அண்ணாந்து காட்டுவார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தக் கழுத்துதான் ஞாபகம் வந்தது.

இப்போது கோழி.

1984இல் கணக்கு வாத்தியாராக ஜாம்பியா போனேன். அந்தக் காலத்தில் நம் பக்கத்து வாத்தியார்கள் பலர் அப்படிப் போனோம். கிழக்கு மாகாணத்தில், மலாவி எல்லைக்குப் பக்கம் இருக்கிற சிபாட்டாவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடம். எல்லைக்கு இந்தப் பக்கம் சின்யாஞ்சா, அந்தப் பக்கம் சிசெவா, இரண்டும் ஒரே மொழிதான். மறு வருடம் பிப்ரவரியில் எங்கள் பள்ளி வாட்ச்மேன் என்னைத் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் நின்று "ஓடி" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று சொல்லித் தந்தார். அவருடைய மகள் முழங்காலிட்டு என் கையில் தண்ணீர் ஊற்றினாள். வெள்ளைவெளேரென்று சோளமாவுக் களி, அவர்கள் ன்ஷிமா என்பது. கூடவே ஒரு முழுக் கோழி. கோழியின் இரைப்பையை எடுத்து என் பக்கம் வைத்தார். வீட்டுத் தலைவனுக்கோ பெரிய விருந்தாளிக்கோ மட்டும் வைப்பது அது. எனக்குத் தெரியாது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பொடியனுக்கு அதை நீட்டினேன். பையன் நகர்ந்துகொண்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த முகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சிரிப்பு.

சாப்பிட்டு முடித்துப் பின்பக்கம் போனேன். சமையல் குடிசையில் அவர் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்து பூசணியிலையோடு ஒரு பழுப்புக் களியைத் தின்றுகொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்: "இங்கே இரண்டு விதமான களி கிண்டுகிறார்கள், வெள்ளை ஒன்று, பழுப்பு ஒன்று." அந்தப் பழுப்பு சோளத்தவிடு என்பதும், மாவு தீர்ந்த வீட்டில்தான் அதைக் கிண்டுவார்கள் என்பதும் மார்ச்சில்தான் சக வாத்தியார் ஒருவர் சொல்லித் தெரிந்தது. அம்மா அந்தக் கடிதத்தை வெகுகாலம் பெட்டியில் வைத்திருந்தாள். அவள் இறந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். உங்கள் கடிதம் மாதிரியே உற்சாகமாக இருந்தது.

நான் அந்தக் கோழியைத் தின்றிருக்கக்கூடாதா? தின்றுதான் ஆகவேண்டும். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது அதைவிடப் பெரிய திமிர். லூக்கா பத்தாம் அதிகாரத்தை எடுங்கள். எழுபது பேரை அனுப்பும்போது இயேசு என்ன சொல்கிறார்? பணப்பை வேண்டாம், சாமான் பை வேண்டாம், செருப்பும் வேண்டாம். ஒரு வீட்டில் தங்கு, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடு, வீடு வீடாகப் போகாதே. அங்கே ஊழியக்காரன் கொடுக்கிறவன் இல்லை, விருந்தாளி. நீங்கள் என்ன செய்தீர்கள்? முதல் நாள் கோழியை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். மறுநாள் அவர்கள் பூசணியிலையும் களியும் வைத்திருப்பார்கள், மூன்றாம் நாள் தவிடு வைத்திருப்பார்கள். அதற்கு முன் நூடுல்ஸ் பையைப் பிரித்துவிட்டீர்கள். பாரமாக இருக்கக்கூடாது என்ற நல்லெண்ணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விருந்தை வாங்கிக்கொண்டு அன்றாடத்தை வேண்டாம் என்றால் அந்த வீட்டில் நீங்கள் தங்கவே இல்லை என்று அர்த்தம். ஆறு பேர், ஒரு மாதம், சாமான் பைகள். அந்த ஊரில் ஒருவர் வீட்டில் மாவு தீர்ந்தது உங்களுக்குத் தெரியாமலே போயிற்று. நானும் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அதனால் ரொம்பக் குரலை உயர்த்தவும் எனக்கு உரிமை இல்லை.

முழுநேர ஊழியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலையை இப்போதைக்கு விடவேண்டாம். இரண்டு வாரம் விடுப்பு எடுங்கள், மே மாதம் போங்கள். தனியாக. உங்களுக்குக் கோழியடித்த அதே வீட்டுக்கு. அறுவடை முடியாமல் கிடந்தால் காலையில் அவர்களோடு வயலுக்குப் போய்க் கதிர் ஒடியுங்கள், உள்ளங்கை எரியும். பிரசங்கம் வேண்டாம். அதற்குள் சிசெவாவில் காலை வணக்கம் கற்றுக்கொள்ளுங்கள்: "ம்வாட்சுகா ப்வாஞ்சி?" எப்படி விழித்தீர்கள் என்று கேட்பது. அவர்கள் சொல்கிற பதிலை நின்று கேளுங்கள். பூசணியிலையில் நிலக்கடலையை இடித்துப் போட்டுச் சமைப்பார்கள், நன்றாக இருக்கும். போய்விட்டு வந்து எழுதுங்கள்.