மருத்துவர் பதில்கள்: லூபஸ் உள்ளவர்களின் கொழுப்பும் ரத்தக் குழாயும்

கேள்வி: எனக்கு வயது 36. கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும்) நோய்க்காக ஒன்பது ஆண்டுகளாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200 மி.கி., பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி. சாப்பிட்டு வருகிறேன். போன மாதம் எடுத்த பரிசோதனையில் மொத்தக் கொலஸ்டிரால் 188. எங்கள் ஊர் டாக்டர் நார்மல்தான் என்றார். கோவையில் நான் காட்டும் ருமட்டாலஜி (வாதநோய்) டாக்டரோ அதே சீட்டைப் பார்த்துவிட்டு, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று மாமியார் தடுக்கிறார். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கண்ணுக்குக் கெடுதி, அதையும் நிறுத்து என்கிறார்கள். என் எடை 58 கிலோ, பிரஷர் 138/88. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நீங்கள் அனுப்பிய சீட்டின் நகலை நிதானமாகப் பார்த்தேன். மேல் வரியில் மொத்தக் கொலஸ்டிரால் 188 என்று இருக்கிறது. 200-க்குக் கீழே இருப்பதால் உங்கள் ஊர் மருத்துவருக்கு அது நிம்மதி தந்திருக்கிறது. ஆனால் அடுத்த மூன்று வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 34, பெண்களுக்கு அது 50-க்கு மேல் இருப்பது நல்லது. டிரைகிளிசரைடு 210, அது 150-க்குள் இருக்க வேண்டும். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 112. நல்லது குறைந்திருப்பதனால்தான் மொத்தம் அழகாகத் தெரிகிறது. எச்.டி.எல். இறங்குவதும் டிரைகிளிசரைடு ஏறுவதும் லூபஸ் நோயாளிகளிடம் நாங்கள் அடிக்கடி காணும் அமைப்பு. நோய் தீவிரமாக இருக்கும் மாதங்களில் அது இன்னும் மோசமாகும்.

இந்த எண்களைவிட முக்கியமான சேதி ஒன்று உண்டு. ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அது சேதமடையும் இடத்தில்தான் எல்.டி.எல். சுவருக்குள் நுழைந்து, கெட்டுப்போய், அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அங்கேயே கொழுப்பைச் சுமந்து தேங்கிப் படிமமாகின்றன. மற்றவர்களுக்கு இந்தச் சேதத்தைச் செய்பவை பெரும்பாலும் வயது, புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம். லூபஸ் உள்ளவர்களுக்கோ அவற்றோடு நோயே சேர்ந்துகொள்கிறது. தன் உடலையே தாக்கும் எதிர்ப்புப் பொருள்களும் ஓயாத அழற்சியும் அந்த உறையை ஆண்டுக்கணக்கில் அரிக்கின்றன. இதில் என்னை மிகவும் வருத்துவது, படிந்த கொழுப்பை அள்ளிக்கொண்டு போக வேண்டிய எச்.டி.எல். கூட லூபஸ் உள்ள பலருக்குத் தன் வேலையை மறந்து அழற்சியைத் தூண்டும் பொருளாக மாறிவிடுவதுதான். ஆகவே உங்கள் 112-ஐயும், அதே வயதில் நோயில்லாத உங்கள் சக ஆசிரியையின் 112-ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1976-இலேயே டொராண்டோவில் மருத்துவர் யுரோவிட்ஸும் அவருடைய குழுவினரும், லூபஸ் நோயாளிகள் முதல் சில ஆண்டுகளில் நோயின் தீவிரத்தாலும் தொற்றாலும் இறப்பதையும், அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் பிற்காலத்தில் மாரடைப்பால் இறப்பதையும் எடுத்துக் காட்டினார்கள். 1997-இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து வெளிவந்த ஆய்வில், 35 முதல் 44 வயது வரையுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுப் பொதுப் பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். இந்த எண்ணைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு வருவதே மிக அரிது; அரிதானதன் 50 மடங்கு என்று அதை வாசிக்க வேண்டும். இருந்தாலும், ‘சின்ன வயசுதானே’ என்று எவரும் உங்களைத் திருப்பி அனுப்ப இனி இடமில்லை.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். லூபஸ் உள்ள எல்லோருக்கும் அடோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரை தேவை என்று நான் சொல்ல மாட்டேன். 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 200 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இரண்டு ஆண்டுகள் அடோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தும், இதயக் குழாய்களில் சுண்ணாம்பு படிவது குறையவில்லை. எனவே ஒவ்வொருவருக்கும் கணக்குப் பார்த்துத்தான் எழுத வேண்டும். உங்கள் கணக்கில் குறைந்த எச்.டி.எல்., 138/88 என்ற ரத்த அழுத்தம், ஒன்பது ஆண்டு ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் ஒன்றுகூடியிருப்பதால், கோவை மருத்துவர் எழுதியது நியாயமே என்பது என் கருத்து. கல்லீரலைப் பற்றி மாமியார் கவலைப்படுவது உங்கள் மேலுள்ள அக்கறையினால். தொடங்கும் முன்பும் சில வாரங்கள் கழித்தும் கல்லீரல் பரிசோதனை செய்து, சீட்டை அவரிடமே காட்டுங்கள். கடுமையான பாதிப்பு மிக அரிது. தொடையிலும் தோளிலும் புதிதாகச் சதை வலி வந்தால், லூபஸ் வலிதான் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தைப் பேற்றுக்கு எண்ணம் இருந்தால் அதை முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம். கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவோம்.

அதோடு, கொழுப்பு ஏறியதற்கு வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு எளிய பரிசோதனைகள் உள்ளன. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள்; லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் கொலஸ்டிரால் மளமளவென்று ஏறும், அப்போது சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்க்காமல் கொழுப்பு மாத்திரையை மட்டும் கூட்டுவதில் பயனில்லை. தைராய்டு குறைபாடும் அப்படித்தான்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லூபஸை அடக்குவதோடு எல்.டி.எல்.-ஐயும் சர்க்கரையையும் ஓரளவு குறைத்து, ரத்தம் உறையும் போக்கையும் தணிக்கும் மருந்து அது. உங்கள் ரத்தக் குழாய்க்கு அது காவல். கண் பாதிப்பு என்பது உண்மைதான். ஆனால் அது அளவைப் பொறுத்தது. எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. வரை என்பது வரம்பு. 58 கிலோவுக்கு 290 மி.கி. வருகிறது, நீங்கள் சாப்பிடுவதோ 200. ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டதால் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நான் குறைக்கச் சொல்வது ஸ்டீராய்டைத்தான். கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் மூன்றையும் ஏற்றுவது அதுவே. ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு 2023-இல் தந்த பரிந்துரையில், தொடர்ந்து எடுக்கும் பிரெட்னிசொலோன் 5 மி.கி.-க்கு மேல் போக வேண்டாம் என்கிறது. அசாதயோபிரின் போன்ற துணை மருந்தைச் சேர்த்துப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பிரஷரை வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின் ஒரு வாரம் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 130/80-க்குள் கொண்டுவருவதே இலக்கு.

சாப்பாட்டில் நம் பகுதிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்கும் மேல் செறிவுற்ற கொழுப்பு, அது எல்.டி.எல்.-ஐ ஏற்றும். தாளிக்க ஒரு கரண்டி ஊற்றுவது வேறு, பழம்பொரியும் நேந்திரங்காய் வறுவலுமாகச் சட்டி நிறையக் காய்வது வேறு. வீட்டுக்கு வாங்கும் எண்ணெயை ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து வாங்கிப் பாருங்கள், எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். டிரைகிளிசரைடை ஏற்றுவது எண்ணெயைவிட அரிசியும் கப்பக்கிழங்கும் சர்க்கரையும்தான். மத்தி மீனைப் பொரிக்காமல் குடம்புளி போட்டுக் குழம்பாக வையுங்கள். நடைப்பயிற்சி வேண்டும், ஆனால் வெயில் லூபஸைக் கிளப்பும் என்பதால், விடிந்தும் விடியாததுமாக ஆறரை மணிக்குள், அல்லது பொழுது சாய்ந்த பிறகு.

கேள்வி: வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அம்மாவுக்கு 48 வயது, லூபஸ் உண்டு. ஒரு மாதமாக மேட்டில் ஏறும்போது தாடையும் இடது தோளும் வலிக்கிறது, மூச்சும் வாங்குகிறது. உட்கார்ந்தால் சரியாகிறது. இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது, வாயுத் தொல்லைதான் என்று சொல்லிவிட்டார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். ஏறினால் வந்து, உட்கார்ந்தால் போகும் வலி, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று சொல்கிற வலி. பெண்களுக்கு அது நெஞ்சின் நடுவில் வராமல் தாடையிலும் தோளிலும் வருவதுண்டு. சும்மா படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. நன்றாக இருப்பதால் குழாயில் அடைப்பில்லை என்று ஆகாது. இந்த வாரத்துக்குள் இதய மருத்துவரிடம் அழைத்துப்போய், லூபஸ் இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எக்கோவும், அவர் சொல்கிற பிற பரிசோதனைகளும் தேவைப்படும். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, ஜீப்புக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

நான் இளம் மருத்துவராக இருந்தபோது, லூபஸ் உள்ள 39 வயதுப் பெண் ஒருவர் இதே வலியைச் சொல்ல, வயதைப் பார்த்து வாயு மாத்திரை எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் இரவு மாரடைப்போடு வந்தார். பிழைத்துக்கொண்டார், இதயத்தின் வலு பாதியாகிவிட்டது. அந்த ஓ.பி. சீட்டில் என் கையெழுத்து இருந்தது. அன்றிலிருந்து லூபஸ் என்று எழுதிய சீட்டில் நான் வயதைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயதில் லூபஸ் என்று தெரியவந்துள்ளது. இந்த வயதிலேயே கொலஸ்டிரால் பார்க்க வேண்டுமா? (பாறசாலை வாசகர்)

பதில்: பாருங்கள். இப்போது ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, வெறும் வயிற்றில். பார்ப்பது மாத்திரை கொடுப்பதற்காக அன்று. லூபஸ் உள்ள இந்த வயதினருக்கு ஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் கழுத்துக் குழாயின் தடிப்பு சொல்லத்தக்க அளவுக்குக் குறையவில்லை. வீட்டில் யாரேனும் பீடி, சிகரெட் பிடித்தால் வெளியிலும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனையையும் ஒரு முறை செய்துவிடுங்கள். அது பாசிட்டிவாக இருந்தால் குழாய்க்குள் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. மாதவிலக்குக் கோளாறுக்கென்று யாராவது ஹார்மோன் மாத்திரை எழுதினால், வாங்கும் முன் அந்தச் சீட்டை ருமட்டாலஜி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.