13 வயது மகளைப் பிஸ்டல் சுடும் விளையாட்டில் சேர்க்கலாமா?

இந்தியத் துப்பாக்கிச் சுடும் வீராங்கனை மனு பாக்கர் பாரிஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியதைப் பார்த்துவிட்டு மகள் அடம்பிடிக்கிறாள், கோலாலம்பூரில் இருக்கிறோம், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள். என் மகளும் அப்படி அடம்பிடித்தவள்தான், இப்போது ஐந்தாம் படிவம்.

"பொம்பளப் புள்ள கையில துப்பாக்கியா" என்று கேட்க உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பார். இங்கேயும் யாராவது அதையே எழுதுவீர்கள், தெரியும். இது 10 மீட்டர் ஏர் பிஸ்டல், காற்றழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, போகிறது. அதற்காக விளையாட்டுச் சாமான் என்றும் சொல்லவில்லை. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இதுவும் ஆயுதம்தான், உரிமம் வேண்டும். மலிவாக வருகிறதே என்று இணையத்தில் வாங்கித் தொலைக்காதீர்கள். கிளப் துப்பாக்கி, கோச் பக்கத்தில், அதோடு சரி.

வீட்டில் பயிற்சி என்ன தெரியுமா? தண்ணீர் போத்தல். ஒரு லிட்டர் போத்தலை ஒரே கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள், ஏனென்றால் போட்டியில் ஒற்றைக் கைதான், துப்பாக்கியும் ஒரு கிலோ சொச்சம் இருக்கும். முதல் சில மாதம் சுட்டதைவிட நின்றதுதான் அதிகம். நான் சிரித்தேன். பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு என்று பிறகுதான் தெரிந்தது.

சரி, நான் எழுத வந்தது வேறு. இரண்டு வருடத்துக்கு முன் சுபாங் சுடுதளத்தில் ஒரு போட்டி. துப்பாக்கியின் சிலிண்டரில் காற்று நிரப்ப வேண்டும், சீக்கிரம் போகணும்ப்பா என்று முந்தின இரவே சொல்லியிருந்தாள். செந்தூலில் எங்கள் பிளாட் 14ஆவது மாடி, அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. மாதா மாதம் பராமரிப்புக் காசு மட்டும் தவறாமல் கேட்பார்கள், கேட்டால் உதிரிப் பாகம் வரவில்லை என்பார்கள், மூன்று வருடமாக எந்த நாட்டிலிருந்து வருகிறதோ. ஆனால் தாமதம் அதனால் மட்டும் இல்லை. வழியில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தியது நான். அவள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

காற்று நிரப்ப நேரமில்லை. 75 நிமிடத்தில் 60 குண்டு. நாற்பதுக்கு மேல் காற்று குறைந்து எல்லாம் கீழே இறங்க ஆரம்பித்தது, 8, 7, ஒரு 6. துப்பாக்கியை வைத்தாள், சிலிண்டர் முள்ளைப் பார்த்தாள், கையைத் தூக்கினாள். கோச்சிடம் இருந்த வேறு சிலிண்டரை மாட்டுவதற்குள் ஏழெட்டு நிமிடம் போய்விட்டது, அன்று அதற்கு நேரம் கூட்டித் தரவில்லை. தரவும் கூடாதுதான், தப்பு எங்களுடையது. மூன்று புள்ளி வித்தியாசத்தில் இறுதிச் சுற்று வாய்ப்பு போயிற்று.

திரும்பி வரும்போது ஆறுதல் சொல்கிறேன் என்று மனு பாக்கர் கதையை எடுத்தேன். 2018இல் 16 வயதில் மெக்சிகோவில் உலகக் கோப்பைத் தங்கம், டோக்கியோ ஒலிம்பிக்கில் பாதியில் துப்பாக்கி பழுதாகி 12ஆம் இடம், பாரிஸில் இரண்டு வெண்கலம். "அவங்களுக்கு ரிப்பேர் ஆச்சுப்பா, எனக்கு ரிப்பேர் ஆகல" என்றாள். அதற்கு மேல் என்ன பேச.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போத்தலோடு நின்றாள். போன வருடம் கூட்டரசுப் பிரதேச அணிக்கு எடுத்தார்கள். பெருமை அடிக்கிறேன் என்றால் அடித்துக்கொள்கிறேன், போங்கள்.

இப்போதெல்லாம் சிலிண்டரை முந்தைய நாளே நிரப்பி வைத்துவிடுகிறாள். என்னை எழுப்புவதில்லை, கோச் காரில் போய்விடுகிறாள்.