ஹனோய்க்குப் போகும் மகளுக்கு வியட்நாமிய எண்கள்

கேள்வி: என் மகள் லண்டனில் பிறந்து வளர்ந்தவள். ஆங்கிலம்தான் சரளம், தமிழ் வீட்டில் பேசும் அளவுக்கு வரும். ஆசிரியர் வேலைக்காக ஹனோய் போகிறாள். செயலி ஒன்றைக் கேட்டு வியட்நாமிய மொழியில் பத்து வரை மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் அவள் சொல்வது வியட்நாமியத் தோழிக்குப் பாதிதான் புரிகிறதாம். எப்படிப் பழகுவது?

பதில்: ஒன்று, இரண்டு என்று வரிசையாக ஒப்பிப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் எதையாவது அடுக்கிச் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லிலும் குரலை ஏற்றி, கடைசியில் இறக்குவார்கள். தங்களை அறியாமலே செய்வது. வியட்நாமிய மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். ஹனோய்ப் பேச்சில் ஆறு தொனிகள் உண்டு. அவற்றில் ஐந்து தொனிகள், முதல் பத்து எண்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

அதனால் தொனிவாரியாகப் பிரித்துப் படிக்கட்டும். 2 (ஹாய்), 3 (பா), 5 (நம்) மூன்றும் ஏறாமல் இறங்காமல் சமமாக வரும். 4 (போன்), 6 (ஸாவ்), 8 (தாம்), 9 (சீன்) நான்கும் ஏறுகுரல். மிச்சம் மூன்றும் தனித்தனி ரகம்: 1 (மோத்) தாழ்ந்து சட்டென்று அறுபடும், 7 (பய்) தாழ்ந்துபோய் நிதானமாகச் சொன்னால் கடைசியில் கொஞ்சம் எழும், 10 (முய்) மெதுவாக இறங்கும்.

இங்கே நீங்களே உதவலாம். ‘தாம்’ என்பதன் தகரத்தை ஆங்கிலப் பழக்கத்தில் மூச்சுக் காற்றோடு சொன்னால் அது வேறு எழுத்தாகிவிடும். நம் ‘தாத்தா’வில் வரும் தகரம் போதும். ‘முய்’ என்று எழுதியிருக்கிறேனே, அதன் உயிரொலி ‘பத்து’ என்னும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் உகரத்தில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஆயிரத்துக்கு ‘ஙீன்’. சொல்லின் முதலில் ங வருவது அவளுக்குப் புதிது. ‘அங்கே’ என்பதில் இருக்கும் ங-வை மட்டும் பிரித்துச் சொல்லிக் காட்டுங்கள். செயலி இதையெல்லாம் திருத்தாது.

பத்துக்கு மேல் சுலபம்தான். 12 என்றால் பத்து-இரண்டு, 20 என்றால் இரண்டு-பத்து. ஆனால் இருபதிலிருந்து ‘முய்’ சமகுரலுக்கு வந்துவிடும். 21, 31 போன்றவற்றில் கடைசி ‘மோத்’ ஏறுகுரலாகும். 24-இல் ‘போன்’ இடத்தில் ‘து’ அதிகம் கேட்கும். முக்கியமானது ஐந்து: 15, 25 போன்றவற்றில் கடைசி ‘நம்’ ‘லம்’ ஆகிறது. ‘முய் லம்’ பதினைந்து. ‘முய் நம்’ என்றால் பத்து ஆண்டுகள்! ஆசிரியையாக மாணவர்களின் வயதைக் கேட்கும்போது இது உதவும்.

அப்புறம் கடைத்தெரு. சில்லறைக் காசு புழக்கத்தில் இல்லை, எல்லாம் ஆயிரங்களில்தான். அதனால் ஆயிரத்தைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்: ‘நம் முய்’, அதாவது ஐம்பது என்றால் 50,000 டோங். ஒன்றரை லட்சத்துக்கு ‘நூறும் அரையும்’ என்ற பொருளில் சுருக்கமாகச் சொல்வார்கள். அந்த அரை, நூறில் பாதி. லட்சம் என்ற அலகு கிடையாது, நூறு ஆயிரம்தான். ஆங்கிலத்தில் எண்ணுகிறவளுக்கு இது பழகியதே; போய்ப் பார்க்கும்போது நீங்கள்தான் திணறுவீர்கள். விலைப்பலகையில் 50.000 என்று புள்ளி வைத்திருக்கும். அது தசமப் புள்ளி அல்ல, ஆயிரத்தைப் பிரிக்கும் குறி. தெற்கே ஹோ சி மின் நகரத்துக்குப் போனால் ஆயிரம் ‘ஙான்’ ஆகிவிடும். ஆனால் ஹனோயில் வேரூன்றும்வரை ஒரே பேச்சைப் பிடித்துக்கொள்வது நல்லது.

பழகுவதற்கு வழி: தோழி ஏதாவது விலைகளைக் கலைத்துப்போட்டுச் சொல்லட்டும், இவள் கேட்டு எழுதட்டும். பிறகு மாற்றிச் செய்யலாம். தினமும் பத்து நிமிடம் போதும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவையுங்கள்: 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலச்சாயல். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடாமல், சைபர்களை எண்ணிவிட்டு நீட்டட்டும்.