கேமிங் பிசி: கடைக்குக் கிளம்பும் முன் வந்த கேள்விகள்

பரீட்சை முடிந்து லீவு விட்டால் போதும், ‘எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?’ என்று கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ‘மூன்று லட்சத்தில் எது பெஸ்ட்?’ என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், இந்த முறை சின்ன பட்ஜெட்காரர்களுக்கு மட்டும்.

‘ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ரேம், 2 ஜிபி கிராபிக்ஸ், ஆர்ஜிபி ஃபேன்’ என்று ஒரு கேமிங் செட் 18,000 ரூபாய்க்கு விளம்பரத்தில் வருகிறது. ஐ7 என்றால் நல்லதுதானே சார்? – திண்டுக்கல் வாசகர்

ஐ7-க்குப் பின்னால் என்ன எண் இருக்கிறது என்று கேளுங்கள். இந்த விலையில் பெரும்பாலும் 2600 அல்லது 3770 என்றுதான் பதில் வரும். முன்னது 2011-இல் வந்தது, பின்னது 2012-இல். ரேம் டிடிஆர்3. அந்த ‘2 ஜிபி கிராபிக்ஸ்’ அநேகமாக ஜிடி 710 அல்லது 730. படம் பார்க்கலாம், எக்செல் போடலாம். இன்றைய கேம் எதையும் அதில் நிம்மதியாக ஆட முடியாது. ஐ3-12100எஃப் பெயரளவில் ஐ3 தான்; 3770-ஐப் போலவே நான்கு கோர் (கணக்குப் போடும் மூளைகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) தான். ஆனாலும் அந்தப் பழைய ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும்; இந்தப் பழைய ஐ7-கள் அந்த வரம்புக்குள் வராது. வேலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கி கேம் ஆடுபவர் என்றால், விண்டோஸ் 11-இல் அந்த கேமே டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் (நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்து மெஷினைத் தொடங்கும் வசதி) கேட்கும்.

கையில் அவ்வளவுதான் இருக்கிறது என்றால், கம்பெனிகள் கழித்துவிடும் எட்டாம் தலைமுறை ஐ5 ஆபீஸ் பிசி ஒன்றைத் தேடுங்கள். ஐ5-8500 நல்ல சரக்கு. பிறகு காசு சேர்ந்ததும் தனி பவர் கேபிள் கேட்காத கார்டு ஒன்றைச் சேர்க்கலாம்: ஜிடிஎக்ஸ் 1650-இல் கனெக்டர் இல்லாத மாடல், அல்லது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. வாங்கும்போது பெட்டியின் உயரத்தைப் பாருங்கள். ஒல்லி பெட்டியாக இருந்தால் அரை உயர கார்டு மட்டுமே நுழையும், அது எளிதில் கிடைக்காது.

மானிட்டர் இருக்கிறது. பட்ஜெட் 55,000. கடையில் தந்த கொட்டேஷன்: ஐ5-12400எஃப், எச்610 போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஆர்டிஎக்ஸ் 3050, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ‘எஸ்எம்பிஎஸ்ஸுடன்’ கேபினட். எதை மாற்றலாம்? – மதுரை வாசகர்

முதலில் கேபினட்டோடு ‘இலவசமாக’ வரும் எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி. அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மேலே ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பக்கவாட்டு லேபிளில் உள்ள சிறிய கட்டம். +12வி என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 15ஏ என்றிருந்தால் 12-ஆல் பெருக்குங்கள், 180 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டைத்தான் குடிக்கின்றன. 12400எஃப் உச்சத்தில் 117 வாட் வரை போகும், ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டு 132 வாட். கூட்டினால் 249. பாதி கேமில் மெஷின் பொட்டென்று அணைவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் ப்ரான்ஸ் யூனிட் போதும், 750 எல்லாம் வேண்டாம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: ப்ரான்ஸ், கோல்டு என்பதெல்லாம் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான சான்றுதான். உள்ளே உள்ள சரக்கின் தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை, அதனால் வாரண்டி எத்தனை வருடம் என்றும் பாருங்கள்.

அடுத்து கார்டு. ‘ஆர்டிஎக்ஸ் 3050’ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு சரக்கு விற்கிறது. மெமரி மட்டும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், 6 ஜிபி மாடலின் சிப்பே வலு குறைந்தது. கொட்டேஷனில் எது என்று எழுதவில்லை என்றால் எழுதச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். 1080பி (ஃபுல் எச்டி) திரைக்கு ஆர்எக்ஸ் 6600 இரண்டையுமே தாண்டி ஓடும். ரே ட்ரேசிங்கில் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் வசதி) அது சுமார்தான், ஆனால் இந்த பட்ஜெட்டில் ரே ட்ரேசிங்கை யார் ஆன் செய்யப் போகிறார்கள்?

ரேமை 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போடச் சொல்லுங்கள். ஒரே ஸ்டிக் என்றால் மெமரி பாதையில் பாதி சும்மா கிடக்கும், கேமில் விட்டுவிட்டுத் திக்குவது அதனால்தான் அதிகமாகும். ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. ரேம் தயாரிக்கும் மைக்ரான் கம்பெனி தன்னுடைய க்ரூஷியல் சில்லறை விற்பனையையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே கொட்டேஷன் எத்தனை நாளுக்குச் செல்லும் என்று கேட்டுவிட்டே வீட்டில் பேசுங்கள்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து? ப்ராசசரை ஐ3-12100எஃப்-க்கு இறக்கலாம். அதே எச்610 போர்டில் நாளைக்கு 12400எஃப்-ஐ ஏற்றிக்கொள்ளலாம். கண்ணாடி முகப்பு போட்ட கேபினட்டையும் விட்டுவிடுங்கள். நம் ஊர் மே மாதத்தில் முன்பக்கம் சல்லடை வைத்த சாதாரண கேபினட்தான் காற்றை உள்ளே விடும்.

‘பாட்டில்நெக் 23 சதவீதம்’ என்று ஒரு கால்குலேட்டர் சொல்கிறது. பயமாக இருக்கிறது. – சேலம் வாசகி

அதை மூடிவிடுங்கள். பாட்டில்நெக் என்றால் ஒரு பாகம் மெதுவாக இருந்து மற்றதைக் காக்க வைப்பது. எந்த கேம், எந்த செட்டிங் என்று தெரியாமல் அப்படி ஒரு எண்ணைச் சொல்லவே முடியாது.

என்னிடம் ரைசன் 5 2600, பி450 போர்டு இருக்கிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கலாமா, அல்லது எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போகவா? – ஓசூர் வாசகர்

இரண்டும் வேண்டாம். 6500 எக்ஸ்டி போர்டுடன் பேசுவது நான்கு லேனில் (டேட்டா போகும் பாதை) மட்டும்தான். கார்டு மாட்டும் ஸ்லாட் வேகமான பிசிஐஇ 4.0 ஆக இருந்தால் சமாளிக்கும், உங்கள் பி450-இல் இருப்பது 3.0. 4 ஜிபி மெமரி நிரம்பியதும் அந்தக் குறுகலான வழியில் எல்லாம் மாட்டிக்கொள்ளும். ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டு லேன் என்பதால் 3.0-இலும் இழப்பு சொற்பம்.

போர்டை விற்காதீர்கள். பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் அதே பி450-இல் ரைசன் 5 5600 உட்காரும், இருக்கிற டிடிஆர்4 ரேமும் வீணாகாது. அப்டேட்டை 2600-ஐக் கழற்றும் முன்பே செய்துவிடுங்கள். 5500 கொஞ்சம் மலிவாகக் கண்ணில் படும், ஆனால் அதில் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள் இருக்கும் வேக மெமரி) 16 எம்பி, 5600-இல் 32. கேமில் அது தெரியும். ஏஎம்5 நல்ல மேடைதான், 2027-ஐத் தாண்டியும் அதற்கு ப்ராசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே டிடிஆர்5 தவிர வேறு வழியில்லை. ரேம் விற்கிற விலையில் இப்போது அந்தப் பக்கம் போவானேன்?

செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி மலிவாகக் கிடைக்கிறது. மைனிங்கில் ஓடிய கார்டு என்கிறார்கள். – சென்னை வாசகர்

மைனிங்கில், அதாவது கிரிப்டோ காசு தோண்டுவதில், ஓடியது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஃபேன் தேய்ந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், இரண்டுமே சரிசெய்யக் கூடியவை. நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு: ‘580 2048எஸ்பி’ என்ற மாடல். பெயர்தான் 580, உள்ளே இருப்பது 570-இன் சரக்கு. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். உண்மையான 580 என்றால் 2304 காட்டும். 

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் வாங்கினாலும் சரி, தனி ஆளிடம் வாங்கினாலும் சரி, கால் மணி நேரம் ஃபர்மார்க் (கார்டை முழு பாரத்தில் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் நல்லா ஓடும் ப்ரோ’ என்பவரிடம் வாங்காதீர்கள். கார்டில் உள்ள சீரியல் எண் பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்படியும் 2017 கார்டு, 185 வாட் இழுக்கும். கொஞ்சம் பொறுத்து ஒரு செகண்ட் ஹேண்ட் 6600 பார்ப்பது மேல்.

அடிக்கடி கரண்ட் போகிறது. 600 விஏ யுபிஎஸ் போதுமா? – தஞ்சாவூர் வாசகர்

600 விஏ என்பது 600 வாட் இல்லை, சாதாரணமாக 360 வாட்தான். கேம் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்து 250, 300 வாட் போகலாம். பேட்டரி புதிதாக இருந்தால் ஷட் டவுன் செய்ய ஓரிரு நிமிடம் கிடைக்கும். ஒரு வருடம் போனால் அதுவும் சந்தேகம். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கிறது. மலிவு யுபிஎஸ் தரும் அரைகுறை சைன் அலை சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, மாறும் அந்த நொடியில் மெஷின் அணைந்துவிடும். 1000 விஏ-வுக்குக் குறையாமல் பாருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து அது சுத்த சைன் வேவ் ரகமாக இருந்தால், பின்பக்கம் ‘யுபிஎஸ் மோடு’ ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும், தனி யுபிஎஸ் தேவைப்படாமலும் போகலாம்.

கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா? – கும்பகோணம் வாசகி

பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் மேல் தப்பில்லை. உங்கள் ப்ளக் பாயிண்டில் எர்த் இல்லை, அல்லது மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரில் மாட்டியிருக்கிறீர்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கசிவை எர்த்துக்கு அனுப்பப் பார்க்கும். அது போக வழி இல்லாதபோது கேபினட்டின் இரும்பு உடம்பிலேயே நிற்கும். எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி எர்த்தைப் பாருங்கள். அதுவரை மெஷினை ஓட்ட வேண்டாம்.

ரைசன் 5 5600ஜி இருந்தது, இப்போது ஆர்எக்ஸ் 6600 சேர்த்தேன். கேம் முன்பு ஓடியது போலவேதான் ஓடுகிறது! – திருநெல்வேலி வாசகர்

எச்டிஎம்ஐ கேபிள் இன்னும் மதர்போர்டில் மாட்டியிருக்கும். 5600ஜி-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் அங்கேயும் படம் வரும், அதனால்தான் தெரியவில்லை. கேபிளைக் கீழே, கார்டின் துளைக்கு மாற்றுங்கள். அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் 3200 ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பலருக்கு அது 60-லேயே நிற்கிறது. அங்கே 144 என்ற எண்ணே காட்டவில்லையென்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாட்டிப் பாருங்கள்.