சென்சார் கேட்கிறீர்கள், எடை மெஷின் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு பம்ப் செய்யாமல் உடலில் நீர் சேரும் நிலை) நோயாளிகளுக்கு, நுரையீரல் தமனியில் வைத்து அங்குள்ள ரத்த அழுத்தத்தை அளக்கும் வயர்லெஸ் சென்சார் பற்றி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரே வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது போலிருக்கிறது.

அந்த சென்சாருக்கு பேட்டரி எத்தனை வருடம் வரும்? (வண்ணாரப்பேட்டை)

பேட்டரியே கிடையாது. பேப்பர் கிளிப் அளவுதான் இருக்கும். நோயாளி படுக்கும் தனித் தலையணையில் உள்ள ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையில் அது உயிர் பெற்று அழுத்தத்தைச் சொல்லும். அரை நிமிடம்கூட ஆகாது.

நெஞ்சைத் திறந்து வைப்பார்களா? (பெரம்பூர்)

இல்லை. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாகக் குழாய் விட்டு வைப்பார்கள். அதன்பின் ஒரு மாதம், ரத்தம் கட்டாமல் இருக்க, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுக்க வேண்டும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தக் கருவி சரிப்படாது.

எனக்குத்தான் பேஸ்மேக்கர் இருக்கிறதே, அது போதாதா? (திருவொற்றியூர்)

அது துடிக்க வைக்கும். இது அழுத்தத்தை அளக்கும். வேலை வேறு வேறு.

அப்பாவுக்கு 68 வயது, பம்பிங் 30 சதவீதம். தினமும் எடையைத் தவறாமல் நோட்டில் எழுதுகிறோம். மூன்று வாரத்தில் 64 கிலோவிலிருந்து 68 ஆகிவிட்டது. அடுத்த மாத ரிவ்யூவில் சென்சார் பற்றிக் கேட்கலாமா? (காசிமேடு)

அடுத்த மாதமா? இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியோ, உங்கள் வழக்கமான டாக்டரோ, இன்றே யாராவது பார்க்க வேண்டும். அந்த 4 கிலோவும் பெரும்பாலும் நீர்தான்.

எனக்குத் தீராத எரிச்சல் இதில்தான். நீலம், சிவப்பு என்று இரண்டு மையில் கோடு போட்டு எழுதிய நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். எழுதியவரும் பார்ப்பதில்லை, டாக்டருக்கும் போன் செய்வதில்லை. நோட்டு நிறைகிறது, காலும் வீங்குகிறது.

சென்சார் கதையும் இதுதான். அமெரிக்காவில் 550 பேரை வைத்து நடந்த சாம்பியன் ஆய்வில் எல்லோருக்குமே கருவியை வைத்தார்கள். பாதிப்பேரின் அளவுகளைத்தான் டாக்டர்கள் பார்த்து மருந்தை மாற்றினார்கள். மீதிப்பேருடையதைக் காட்டவே இல்லை. ஆறு மாதத்தில், பார்த்த பிரிவில் இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது கால்பங்குக்கு மேல் குறைந்தது. கருவி இரண்டு பக்கமும் ஒன்றுதானே! எடை ஏறுவதற்குப் பல நாள் முன்பே அந்த அழுத்தம் ஏறத் தொடங்கிவிடும் என்பது பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. 2014-ல் அங்கே அனுமதி வந்ததும் அதனால்தான். ஆனால் நாலு கிலோவுக்கு அசையாத வீடு, அழுத்தம் நாலு புள்ளி ஏறினால் அசையுமா?

காலையில் சிறுநீர் கழித்தபின், டீக்கு முன், அதே மெஷினில் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோ, அல்லது சில நாளில் 2 கிலோ ஏறினால் அன்றே போன்.

கருவாட்டை ஊறவைத்துக் கழுவினால் சாப்பிடலாமா? (வியாசர்பாடி)

கொஞ்சம் உப்பு போகும், போதுமான அளவு போகாது. வேண்டாம். கடையில் விற்கும் 'உப்புக்கு மாற்று' பாக்கெட்டும் வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை எடுப்பவருக்கு அது ஆபத்து.

அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. நல்ல மாத்திரை சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

வயது இல்லை, பிபி இல்லை, என்ன மருந்து எடுக்கிறார் என்பதும் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த மாத்திரை நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா? (தண்டையார்பேட்டை)

எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே மறந்துவிட்டது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் உடலில் நீரைத் தேக்கும், நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். அட்டையைப் படித்துப் பாருங்கள். அந்தப் பெயர்கள் இருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு, டாக்டரிடம் வேறு கேளுங்கள். அப்புறம், வீட்டில் எடை மெஷின் இருக்கிறதா என்று நீங்களும் எழுதவில்லை.